பஞ்சு மிட்டாய் ஜோடியின் இடக்கைக்காரர்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் இறகுப்பந்து பற்றிய ஒரு பதிலில், ஜப்பானின் யூத்தா வத்தனாபேயைக் குறிப்பிட்டு, "பஞ்சு மிட்டாய் ஜோடியின் இடக்கைக்காரர்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்து போயிருந்தோம். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் எங்களையே வியக்க வைத்தன. ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அவருக்கே ஒதுக்கிவிட்டோம்.

கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்: அனல் பறக்க விளையாடும் ஒரு ஜோடிக்குப் பஞ்சு மிட்டாய் என்று பெயர் வைப்பானேன்? யார் வைத்தது?

ஜப்பானிய ரசிகர்களும் பத்திரிகைகளும் வைத்த பெயர் அது. கலப்பு இரட்டையரில் அவருடைய துணையாளராக இருந்தவர் அரிசா ஹிகாஷினோ. அங்கே குடும்பப்பெயரைத்தான் முன்னால் சொல்வார்கள். வத்தனாபே என்பதிலிருந்து "வத்த", ஹிகாஷினோ என்பதிலிருந்து "காஷி", இரண்டையும் ஒட்டினால் "வத்தகாஷி". ஜப்பானிய மொழியில் "வத்த" என்றால் பஞ்சு, "காஷி" என்றால் இனிப்புத் தின்பண்டம். அங்கும் கோயில் திருவிழாக்களில் குச்சியில் சுற்றி விற்கப்படுவது இதே பண்டந்தான். வேற்று நாட்டுப் பட்டப்பெயர் ஒன்று தமிழில் ஓர் எழுத்துக்கூடச் சிந்தாமல் வந்து உட்காருவது அரிது என்பதால் நாமும் ஆசையோடு எடுத்துக்கொண்டோம்.

வத்தனாபே பிறந்தது 1997 ஜூன் 13 அன்று, டோக்கியோவின் சுகினாமி பகுதியில். உயரம் 167 சென்டிமீட்டர். இரட்டையர் ஆட்டத்தில் ஆறடியைத் தொடும் ஆட்கள் நிறைந்திருக்கும் உலகத்தில் இது குறைவான உயரமே. ஹிகாஷினோ அவரைவிட ஒரு வயது மூத்தவர், வடகோடித் தீவான ஹொக்கைடோவின் இவாமிசாவா என்னும் ஊரைச் சேர்ந்தவர். இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஆண்டுதோறும் நடக்கும் பெரிய போட்டியான ஆல் இங்கிலாந்தில் கலப்பு இரட்டையர் பட்டத்தை இருவரும் 2018, 2021, 2022 ஆகிய மூன்று ஆண்டுகளில் வென்றார்கள். டோக்கியோ, பாரிஸ் என அடுத்தடுத்த இரண்டு ஒலிம்பிக்கில் வெண்கலம் பெற்றார்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகப்பட்டினம்: அவர் படித்த பள்ளி சுனாமியாலும் அணு உலை விபத்தாலும் இடம்பெயர்ந்தது என்று எங்கோ படித்தேன். டோக்கியோவில் பிறந்த பையன் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தார்?

இறகுப்பந்துக்காகவே போய்ச் சேர்ந்தார். ஃபுக்குஷிமா மாகாணத்தின் கடலோரத்தில் தோமியோகா என்றொரு சிற்றூர் இருக்கிறது. சுமார் 16,000 பேர் வாழ்ந்த அந்த ஊர், யோனோமோரி என்னும் பகுதியில் சாலையின் இரு மருங்கும் செர்ரி மரங்கள் கூரைபோலக் கவிந்து பூக்கும் காட்சிக்குப் பெயர்பெற்றது. அங்குள்ள மேல்நிலைப் பள்ளி 2006 முதல் விளையாட்டுக்குத் தனிப் பிரிவு வைத்து, நாட்டின் பல மூலைகளிலிருந்தும் திறமையுள்ள பிள்ளைகளைச் சேர்த்துத் தங்கவைத்துப் பயிற்சி தந்தது. பக்கத்திலிருந்த நடுநிலைப் பள்ளியும் அதே ஏற்பாட்டில் இணைந்திருந்தது. பின்னாளில் ஒற்றையரில் உலக சாம்பியனான கென்தோ மொமோத்தா அங்கே படித்தவர். 2021இல் ஜப்பானுக்கு முதல் ஆண்கள் இரட்டையர் உலகப் பட்டத்தைப் பெற்றுத் தந்த தக்குரோ ஹோக்கி, யூகோ கோபயாஷி இருவரும் அங்கே படித்தவர்களே. ஒரு சிற்றூர்ப் பள்ளியின் வருகைப்பதிவேட்டில் இத்தனை பெயர்கள் இருந்தன என்பதை நம்பச் சற்று நேரம் பிடிக்கும்.

2011 மார்ச் 11 பிற்பகல் 2.46 மணிக்கு நிலம் நடுங்கியபோது வத்தனாபேக்கு வயது 13, ஹிகாஷினோவுக்கு 14. அலை வந்து தோமியோகா ரயில் நிலையத்தை அடித்துச் சென்றது. வடக்கே சில கிலோமீட்டரில் இருந்த ஃபுக்குஷிமா அணுமின் நிலையம் கட்டுக்கடங்காமல் போகவே, மறுநாள் ஊரையே காலி செய்தார்கள். பிள்ளைகள் அவரவர் சொந்த ஊருக்குப் போனார்கள். மட்டையையும் காலணியையும் எடுக்கக்கூடத் திரும்பிப் போக முடியாத நிலை. தோமியோகாவின் பெரும்பகுதிக்கு மக்கள் திரும்பலாம் என்ற அனுமதி 2017 ஏப்ரலில்தான் வந்தது என்றால் மற்றதை நீங்களே கணித்துக்கொள்ளலாம். உங்கள் ஊரில் 2004 டிசம்பரைக் கண்ட உங்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அலை வடிந்த பிறகும் ஊருக்குள் கால் வைக்கக் கூடாது என்பது அங்கே கூடுதலாகச் சேர்ந்த துயரம்.

அந்த நிலையில் பிள்ளைகள் தம் ஊர்ப் பள்ளியில் சேர்ந்துகொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்களில் பலர் சில வாரங்களிலேயே திரும்பி வந்தார்கள். பள்ளியின் இறகுப்பந்து அணி மாகாணத்தின் உட்பகுதியில், மலையும் ஏரியும் பனியும் சூழ்ந்த இனவாஷிரோவில் தற்காலிகமாகக் கூடியது. விடுதிகளில் தங்கி, கிடைத்த உள்ளரங்கில் பயிற்சி நடந்தது. வத்தனாபேயும் ஹிகாஷினோவும் ஜோடியாக ஆடத் தொடங்கியது இந்த இனவாஷிரோ நாட்களில்தான், 2012 வாக்கில். அப்போது வத்தனாபே நடுநிலைப் பள்ளி மாணவர், ஹிகாஷினோ மேல்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டவர். 2014இல் மலேசியாவின் அலோர் ஸ்தாரில் நடந்த உலக இளையோர் போட்டியில் இருவரும் வெண்கலம் பெற்றார்கள்.

பல ஆண்டுகள் கழித்துப் பேட்டிகளிலும் அவர் ஹிகாஷினோவைப் பெயரோடு "சென்பாய்" என்ற சொல்லைச் சேர்த்தே குறிப்பிட்டார். பள்ளியில் மேல்வகுப்பில் படிப்பவரை அழைக்கும் சொல் அது. நாம் "அக்கா" என்போமே, ஏறக்குறைய அந்த இடம். ஆனால் பாசத்தைவிட மரியாதை ஒரு பிடி கூடுதல்.

வங்கி ஊழியர், மதுரை: 2018 ஆல் இங்கிலாந்து வெற்றியை எல்லோரும் பெரிதாகச் சொல்கிறார்களே, அதில் அப்படி என்ன இருந்தது?

முதலாவதாக, வெல்லக்கூடியவர்கள் என்று போட்டி அமைப்பாளர்கள் வரிசைப்படுத்தும் முன்னணிப் பட்டியலில் (சீட்) இடமே பெறாமல் வந்த ஜோடி அது. வத்தனாபேக்கு வயது 20, ஹிகாஷினோவுக்கு 21. ஜப்பான் பெண்கள் ஆட்டங்களில் புகழ்பெற்ற நாடாக இருந்தும் கலப்பு இரட்டையரில் பெயர் சொல்லும்படி எதுவும் இல்லாத நாடு. அங்கே அந்தப் பிரிவு, ஆண்கள் அணியிலும் பெண்கள் அணியிலும் ஆடியது போக மிஞ்சிய நேரத்துக்கு என்பதுபோல இருந்தது. மலேசியாவின் ஜெரமி கான் கலப்பு இரட்டையர் பயிற்சியாளராக அணிக்கு வந்தது 2018 தொடக்கத்தில்தான். அவர் வந்து ஓரிரு மாதத்துக்குள் பர்மிங்காம் போட்டி.

இறுதியில் எதிரே நின்றவர்கள் சீனாவின் ஜெங் சிவெய், ஹுவாங் யாச்சியோங். அதற்கு முந்தைய ஆண்டு வேறொரு துணையோடு அதே பட்டத்தை வென்றவர் ஹுவாங். அந்த ஜோடி பின்னாளில் 2018, 2019, 2022 என மூன்று உலகப் பட்டங்களையும் பாரிஸ் தங்கத்தையும் அள்ளிக்கொண்டது. ஜப்பானிய ஜோடி முதல் ஆட்டத்தை 15-21 என்று இழந்தது. இரண்டாவது ஆட்டம் 20-20 ஆனது. அந்த நொடியில் அடுத்த இரண்டு புள்ளிகள் சீன ஜோடிக்குப் போயிருந்தால், இன்று உங்கள் கேள்வியும் இல்லை, இந்தப் பகுதியும் இல்லை. இரண்டும் ஜப்பானியர்களுக்கு வந்தன. மூன்றாவது ஆட்டம் 21-16. ஆல் இங்கிலாந்து கலப்பு இரட்டையரில் ஜப்பானின் முதல் பட்டம் அது.

இந்த 20-20 என்னும் எண் அவர்களை விடாமல் துரத்தியதை மட்டும் இங்கே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மறு ஆண்டு அதே பர்மிங்காமில், அதே சீன ஜோடியோடு, அதே இறுதிப் போட்டி. முதல் ஆட்டத்தை 17-21 என்று இழந்து, இரண்டாவதில் மறுபடி 20-20. இம்முறை இரண்டு புள்ளிகளும் எதிராளிக்குப் போயின. டோக்கியோ ஒலிம்பிக் வெண்கலப் போட்டியின் இரண்டாவது ஆட்டம் 23-21, பாரிஸில் 22-20. நான்கு பெரிய நாட்கள், நான்கிலும் இரண்டாவது ஆட்டம் இருபதைத் தாண்டியே முடிந்திருக்கிறது. ஒரு விளையாட்டு வீரரின் நெஞ்சுரத்தை அளக்கக் கருவி இருந்தால், அதை எங்கே வைப்பது என்று நான் தேட மாட்டேன்.

இறகுப்பந்துப் பயிற்சியாளர், சேலம்: கலப்பு இரட்டையரில் பெண் முன்னால், ஆண் பின்னால் என்பதுதானே நாங்கள் சொல்லிக்கொடுப்பது? இவர்கள் ஆட்டத்தில் அது தலைகீழாக இருப்பதாகத் தோன்றுகிறது.

கூர்மையாகப் பார்த்திருக்கிறீர்கள். வழக்கமான அமைப்பில் பெண் வலையருகே நின்று தாழ்வாக வரும் இறகுகளைத் தட்டி மடக்குவார்; ஆண் பின்னாலிருந்து ஸ்மாஷ் அடிப்பார். எனவே எதிராளியின் திட்டமும் வழக்கமானதுதான்: இறகை உயரத் தூக்கியோ மூலைக்குத் தள்ளியோ அந்தப் பெண்ணைப் பின்கோட்டுக்கு ஓட வைக்க வேண்டும். அவர் அங்கிருந்து வலுவிழந்த அடி ஒன்றை அடித்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்ப ஓடும்போது இடைவெளி திறக்கும்.

ஹிகாஷினோவிடம் இந்தத் திட்டம் பலிக்கவில்லை. அவர் பின்கோட்டில் நின்று முழுத் தோளையும் சுழற்றி அடிக்கக் கூடியவர். ஒன்று அடித்துவிட்டு ஓடுபவர் அல்லர், அங்கேயே நின்று இரண்டாவது, மூன்றாவது என்று தொடர்பவர். அவர் பின்னால் போனதும் வத்தனாபே வலைக்கு வந்துவிடுவார். அங்கேதான் அவருடைய உண்மையான கைத்திறன் இருக்கிறது. வேகமாக வரும் இறகை மட்டையின் முகத்தால் வெறுமனே தாங்கி, வலையின் உச்சியை உரசிக்கொண்டு அந்தப் பக்கம் விழவைப்பது. விரல்பிடியைக் கடைசி நொடியில் மட்டும் இறுக்கிக் குறுக்காகத் திருப்பிவிடுவது. தோள் அசையாது, முழங்கையும் பெரிதாக அசையாது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் செய்யும் வேலை. எதிராளி வலையை நோக்கிப் பாய்ந்து இறகை மேலே தூக்குவார். பின்னால் ஹிகாஷினோ காத்திருப்பார். அதாவது எதிராளி போட்ட கண்ணியிலேயே எதிராளி விழுவார்.

இடக்கை என்பது இதற்கு மேல் ஒரு வசதி. இருவரும் பக்கம் பக்கமாக நின்று தற்காக்கும்போது, இடக்கை வத்தனாபே வலப்பாதியிலும் வலக்கை ஹிகாஷினோ இடப்பாதியிலும் நின்றால் இருவருடைய முன்கை அடியும் நடுவை நோக்கும். நடுவில் வரும் இறகுக்கு இரண்டு வலுவான மட்டைகள். இடம் மாறி நின்றால் முன்கை இரண்டும் வெளிப்பக்கம் போய்விடும், நடுவில் புறங்கை மட்டுமே மிஞ்சும். ஒரே ஜோடியிடம் இரண்டு வகைத் தற்காப்பு. எதிராளி ஒவ்வொரு அடிக்கு முன்னும் யார் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு நொடியில் பாதிகூடக் கிடைக்காத ஆட்டத்தில் இந்தக் கணக்கு எளிதன்று. தவிர, இறகுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே திசையில் படிந்திருப்பதால் ஷட்டில் தானாகவே ஒரு பக்கமாகச் சுழலும். ஆகவே இடக்கைக்காரர் வெட்டி விடும்போது அது விழும் விதம், வலக்கைக்காரர்களோடே ஆடிப் பழகியவர்களுக்குக் கொஞ்சம் அந்நியமாக இருக்கும்.

இதையெல்லாம் சொன்னாலும் உங்கள் பாடத்தை மாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பெண் முன்னால், ஆண் பின்னால் என்பது தொடக்கப் பாடமாகச் சரியானதே. அதை மீறும் உரிமை, பின்கோட்டில் நின்று ஆட்டத்தை முடிக்கத் தெரிந்த பெண்ணுக்கும் வலையருகே பொறுமை காக்கத் தெரிந்த ஆணுக்கும் மட்டுமே உண்டு.

வாசகர், தஞ்சாவூர்: பூப்பந்து, இறகுப்பந்து – எது சரி?

இரண்டும் சரி, இரண்டும் வேறு. பூப்பந்து என்பது கம்பளி நூலால் ஆன மஞ்சள் பந்தை வைத்து ஓர் அணிக்கு ஐவராக ஆடுவது. உங்கள் ஊர் வழியாகவே உலகம் அறிந்த ஆட்டம். வத்தனாபே ஆடுவது இறகுப்பந்து. தெருவில் அதற்கு ஷட்டில் என்று பெயர், அதுவும் தவறில்லை.

பொறியாளர், ஓசூர்: ஆண்கள் இரட்டையர், கலப்பு இரட்டையர் என ஒரே ஆள் இரண்டிலும் உலகத் தரத்தில் ஆடுவது சாத்தியமா? இக்காலத்தில் யாரும் செய்வதில்லையே?

செய்வதில்லை என்பதற்கு உடம்புதான் காரணம். ஒரு போட்டி வாரத்தில் இரு பிரிவிலும் இறுதிவரை போனால் ஐந்தாறு நாளில் பத்துப் போட்டி வரும். அதைவிடப் பெரிய சிக்கல், கால்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் இடங்கள் இரண்டிலும் வெவ்வேறு. ஆண்கள் இரட்டையரில் இருவரும் சம வலுவோடு சுழன்றுகொண்டே இருப்பார்கள். கலப்பில் ஒவ்வொரு சுழற்சிக்கும் ஒரு விலை உண்டு. காலையில் ஒன்று, மாலையில் மற்றொன்று என்றால் கால் குழம்பும்.

வத்தனாபே அதைச் சில ஆண்டுகள் செய்து காட்டினார். ஆண்கள் இரட்டையரில் அவருடைய துணை ஹிரோயுக்கி எண்டோ, 1986இல் பிறந்தவர், அதாவது இவரைவிடப் பத்தரை வயது மூத்தவர். எண்டோவின் கதையையும் இங்கே சொல்லியாக வேண்டும். கெனிச்சி ஹயகாவா என்னும் முந்தைய துணையோடு 2013, 2014, 2016 என மூன்று முறை ஆல் இங்கிலாந்து இறுதிக்குப் போய் மூன்று முறையும் தோற்றவர் அவர். நான்காவது இறுதி 2020 மார்ச்சில், 33ஆம் வயதில், 22 வயது வத்தனாபேயோடு. எதிரே, அப்போது உலகின் முதலிடத்தில் இருந்த இந்தோனேசியாவின் கிடியோன், சுகமுல்ஜோ. 21-18, 12-21, 21-19. ஆண்கள் இரட்டையரில் அந்தப் பட்டத்தை ஜப்பான் பெற்றது அதுவே முதல் முறை. அந்தப் போட்டி முடிந்த கையோடு பெருந்தொற்றால் உலகமே கதவடைத்துக்கொண்டது.

ஓராண்டு கழித்து 2021 மார்ச் 21 அன்று அதே ஊரில் வத்தனாபே ஒரே நாளில் இரண்டு இறுதிப் போட்டிகளில் இறங்கினார். கலப்பில் ஹிகாஷினோவோடு சேர்ந்து சக நாட்டினரான யூக்கி கனேக்கோ, மிசாக்கி மத்சுதோமோ ஜோடியை 21-14, 21-13 என்று வென்றார்; ஆண்கள் பிரிவில் எண்டோவோடு சேர்ந்து கமுரா, சொனோதா ஜோடியை 21-15, 17-21, 21-11 என்று வென்றார். நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: அந்த ஆண்டு சீன அணி வரவில்லை, இந்தோனேசிய அணியோ, பயணம் செய்த விமானத்தில் தொற்றாளர் ஒருவர் இருந்தார் என்று பாதியிலேயே விலக்கப்பட்டது. மூன்று இரட்டையர் இறுதிகளிலும் ஜப்பானியரே இருபுறமும் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் ஒரே நாளில் ஐந்து ஆட்டம் ஆடிய களைப்பை எந்த நாட்டின் வரவும் வராமையும் குறைத்துவிடாது.

டோக்கியோ ஒலிம்பிக்கிலும் இரண்டு பிரிவிலும் ஆடினார். ஆண்கள் பிரிவில் காலிறுதியில், பின்னர் தங்கம் வென்ற தைவான் ஜோடியிடம் தோற்றார்கள். அதன்பின் எண்டோ ஒதுங்கிக்கொண்டார். வத்தனாபேயின் கவனம் கலப்பில் நிலைத்தது.

இல்லத்தரசி, திருச்சி: இரண்டு ஒலிம்பிக்கிலும் வெண்கலம்தானா? தங்கம் வாங்க முடியாதவரை இவ்வளவு புகழ வேண்டுமா?

கேள்வி காரமாக இருந்தாலும் நியாயமானது. உலக சாம்பியன் பட்டமும் அவர்களுக்குக் கிட்டவில்லை. 2019இல் பாசலில் வெண்கலம். 2021இல் ஸ்பெயினின் உவெல்வாவில் இறுதிவரை போய்த் தாய்லாந்தின் டெச்சபோல், சப்சிரி ஜோடியிடம் தோல்வி. 2022இல் சொந்த ஊரான டோக்கியோவிலேயே இறுதியில் ஜெங், ஹுவாங் ஜோடியிடம் தோல்வி. இவையெல்லாம் ஏட்டில் இருப்பவை, மறைக்க முடியாது.

ஆனால் டோக்கியோ வெண்கலத்தின் எடையை அது கிடைத்த வாரத்தோடு சேர்த்து நிறுக்க வேண்டும். சொந்த மண்ணில் நடந்த அந்த ஒலிம்பிக்குக்கு ஜப்பானிய இறகுப்பந்து அணி பதக்கங்களை மூட்டை கட்டும் எண்ணத்தோடு போனது. மொமோத்தா பிரிவுச் சுற்றிலேயே வெளியேறினார். உலகின் முன்னணிப் பெண்கள் ஜோடியில் ஒருவரான சயாக்கா ஹிரோத்தா முழங்காலில் பெரிய கட்டோடு ஆடிக் காலிறுதியில் வெளியேறினார். ஒவ்வொருவராக உதிர்ந்த பின் எஞ்சியது இந்த ஜோடி மட்டுமே. அரையிறுதியில் தோற்ற அவர்கள், 2021 ஜூலை 30 அன்று பார்வையாளர் ஒருவர்கூட இல்லாத முசாஷினோ அரங்கில், ஹாங்காங்கின் டாங் சுன் மான், சே யிங் சுவெட் ஜோடியை வென்றார்கள். அந்த ஒலிம்பிக்கில் ஜப்பானின் இறகுப்பந்துக் கணக்கில் ஏறிய ஒரே பதக்கம் அது. கலப்பு இரட்டையரில் அந்த நாட்டின் முதல் பதக்கமும் அதுவே. இரண்டாவது பதக்கமும் அவர்களுடையதே: பாரிஸில் 2024 ஆகஸ்ட் 2 அன்று, 2023இன் உலக சாம்பியன்களான கொரியாவின் சியோ சியுங் ஜே, சே யூ ஜுங் ஜோடியை 21-13, 22-20 என்று வென்று பெற்றது.

அவர்களுடைய காலம் ஜெங், ஹுவாங் ஜோடியின் காலமாகவும் இருந்தது. அது அவர்கள் தவறன்று.

ரயில்வே ஊழியர், அரக்கோணம்: நம் ஊரில் விளையாட்டு வீரர்களுக்கு ரயில்வே வேலை தருகிறது. ஜப்பானில் எப்படி?

அங்கே தனியார் நிறுவனங்கள் தருகின்றன. நிறுவனம் ஓர் அணியை வைத்துக்கொள்ளும். வீரர்கள் அதன் ஊழியர்களாகச் சம்பளம் பெற்று, நிறுவனங்களுக்கிடையிலான தேசிய லீக்கில் அதன் சட்டையோடு ஆடுவார்கள். நாட்டுக்காக ஆடும்போது விடுவிக்கப்படுவார்கள். ஹிகாஷினோ 2015இலும் வத்தனாபே 2016இலும் பள்ளி முடித்து நிஹோன் யுனிசிஸ் என்னும் தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தில் சேர்ந்தார்கள். எண்டோவும் அங்கேதான், ரியோவில் தங்கம் வென்ற தக்கஹாஷி, மத்சுதோமோ ஜோடியும் அங்கேதான். நிறுவனத்தின் பெயர் 2022இல் பிப்ரோஜி என்று மாறியது. வத்தனாபே 2023இல் அந்த நிழலை விட்டு வெளியேறி, ஜே டிரஸ்ட் என்னும் நிதிக் குழுமத்தின் ஆதரவோடு தொழில்முறை வீரரானார். ஓய்வுக்குப் பிறகும் மேசை நாற்காலி காத்திருக்கும் என்ற உறுதியை விட்டுவிட்டு வருவது அந்த நாட்டில் சிறிய முடிவன்று.

வாசகி, புதுச்சேரி: இவ்வளவு நன்றாக ஆடியவர்கள் ஏன் பிரிந்தார்கள்? சண்டையா?

சண்டை என்று எண்ண இடமில்லை. ஏறத்தாழ 12 ஆண்டுகள் சேர்ந்து ஆடிவிட்டு, பாரிஸ் வெண்கலத்தோடு அந்த அத்தியாயத்தை முடித்துக்கொண்டார்கள். இரட்டையரில் இது இயல்பு. ஒலிம்பிக் முடிந்ததும், அடுத்த நான்காண்டுகளை யாரோடு செலவிடுவது என்று ஒவ்வொருவரும் கணக்குப் பார்ப்பார்கள். பாதி ஜோடிகள் அப்போது கலையும். ஹிகாஷினோ, ஒற்றையர் வீரரான யூ இகராஷியை மணந்துகொண்டு இப்போது அரிசா இகராஷி என்ற பெயரில் ஆடுகிறார். 2025இல் அயக்கோ சகுரமோத்தோவோடு பெண்கள் இரட்டையரில் இறங்கினார். பழைய ரசிகர்கள் மதிப்பெண் பலகையில் அவர் பெயரைத் தேடிக் குழம்பியதற்கு அதுவே காரணம்.

வத்தனாபே கலப்பிலேயே நிற்கிறார். புதிய துணை மாயா தகுச்சி, இவரைவிட ஏறத்தாழ எட்டு வயது இளையவர். எண்டோவுக்குப் பக்கத்திலும் ஹிகாஷினோவுக்குப் பக்கத்திலும் எப்போதும் இளையவராகவே நின்று பழகியவர், முதல் முறையாகத் தான் மூத்தவராக நிற்கிறார். ஹிகாஷினோ பின்கோட்டைப் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கையில் வலைக்குப் பாய்ந்த கால்கள், இப்போது அந்த நம்பிக்கையைப் புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கின்றன. தொடக்க கால ஆட்டத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

ஒரு தந்தை, ஈரோடு: என் மகனுக்கு வயது 12, இடக்கைக்காரன். ஒற்றையரில் தோற்றுக்கொண்டே இருக்கிறான் என்று பயிற்சியாளர் இரட்டையருக்கு மாற்றிவிட்டார். எனக்கு வருத்தமாக இருக்கிறது.

உங்கள் வருத்தம் புரிகிறது. ஒற்றையரில் தேறாதவர்களின் புகலிடம் இரட்டையர் என்ற எண்ணம் நம் அரங்குகளில் வேரோடியிருக்கிறது. ஜப்பானில் 2004 முதல் பல ஆண்டுகள் தலைமைப் பயிற்சியாளராக இருந்த கொரியாவின் பார்க் ஜூ போங், தானே 1992 ஒலிம்பிக்கில் ஆண்கள் இரட்டையர் தங்கம் வென்றவர். அவர் கையில் வளர்ந்த அணி ஒலிம்பிக்கில் பெற்ற முதல் பதக்கம், 2012 லண்டனில் பெண்கள் இரட்டையர் வெள்ளி. முதல் தங்கம், 2016 ரியோவில், அதுவும் பெண்கள் இரட்டையர். அங்கே இரட்டையர் ஆட்டம் யாருக்கும் இரண்டாம் பந்தி ஆகவில்லை.

ஒன்று மட்டும் பாருங்கள். மகனை எதற்காக மாற்றினார்கள் என்று பயிற்சியாளரிடம் நேராகக் கேளுங்கள். "தோற்கிறான்" என்பது மட்டுமே பதிலானால் அது போதாது. "வலையருகே கை நன்றாக இருக்கிறது" என்றோ, "துணையாளர் எங்கே நிற்கிறார் என்பது திரும்பிப் பார்க்காமலே இவனுக்குத் தெரிகிறது" என்றோ சொன்னால் நம்பி விடுங்கள். 12 வயதில் ஒற்றையரை அடியோடு நிறுத்தவும் தேவையில்லை. கோட்டின் நான்கு மூலைக்கும் ஓடும் கால்கள் அதில்தான் உண்டாகும்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. 2018 மார்ச்சில், வத்தனாபே முதன்முதலாகப் பட்டம் வென்ற அதே ஆல் இங்கிலாந்தில், சர்வீஸ் போடும்போது இறகு முழுவதும் தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும் என்ற விதியைச் சோதனை முறையில் நடைமுறைப்படுத்தியிருந்தார்கள். இன்று அதுவே விதி. மாடியிலோ முற்றத்திலோ 1.15 மீட்டர் உயரத்தில் ஒரு கயிற்றைக் கட்டுங்கள். அங்கிருந்து, சர்வீஸ் கோட்டுக்கும் வலைக்கும் இடையிலுள்ள தொலைவு தள்ளி, வலையின் நடு உயரமான 1.52 மீட்டரில் இன்னொன்று. முதல் கயிற்றுக்குக் கீழே அடித்து, இரண்டாவது கயிற்றை ஒரு சாண் இடைவெளிக்குள் தாண்டும்படி தினமும் நூறு இறகு. அவன் இடக்கையால் அடிக்கட்டும். கீழே விழுந்தவற்றை நீங்கள் பொறுக்கிக் கொடுங்கள்.